சமர்ப்பணப் பக்கத்தால் வந்த வினை

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பாலிகஞ்சில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பெறுவோர் கம்பனையோ, வள்ளுவனையோ, பாரதியையோ எடுத்துக்கொள்வது நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, ஒரு வங்காளியைப் பற்றி, அதிலும் வங்காளிகளிற் பலர் இன்றளவும் முகம் சுளிக்கின்ற ஒரு வங்காளியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். அவர் பெயர் நீரத் சந்திர சௌதுரி. நூலாசிரியர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் அவர் வாழ்வின் நடுப்பகுதியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வானொலியில் அரசியல் விளக்கவுரை எழுதி ஊதியம் பெற்ற பத்திரிகையாளர். அந்த ஊதியம் நின்றுபோனதற்கு அவர் வானொலியில் சொன்ன எதுவும் காரணமன்று. தம் பெயரில் வெளியிட்ட ஒரு நூலின் சமர்ப்பணப் பக்கத்தில் எழுதிய சில வரிகளே காரணமாயின. நம்முள் பாதிப் பேருக்கு மேல் அரசாங்கத்திலோ, இரயில்வேயிலோ, வங்கியிலோ மாத ஊதியம் வாங்கியவர்கள் அல்லது வாங்குகின்றவர்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான செய்தியன்று.

முதலில் வானொலியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இந்நாட்டில் முறையான ஒலிபரப்பு தோன்றிய நகரங்களுள் நம் கல்கத்தா ஒன்று. பம்பாய் நிலையத்தை அடுத்து, 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் இங்கே கார்ஸ்டின் பிளேஸில் நிலையம் தொடங்கிற்று. ஈடன் தோட்டத்தருகே உள்ள ஆகாசவாணி பவனம் 1958இல் வந்தது. இந்த நகரத்தார் வானொலியை ஓர் அரசாங்க அலுவலகமாக ஒருநாளும் கருதியதில்லை. வீட்டிலுள்ள ஒருவராகவே கருதினர். மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு, நம் வீட்டுப் பெரியவர்கள் தர்ப்பணத்துக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைக்கும் வேளையில், பக்கத்து வீட்டிலிருந்து பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரல் கேட்பதை அறியாதவர் இங்கே யாரும் இரார். 1976இல் அவரை நீக்கி, நடிகர் உத்தம்குமாரை அந்த இடத்தில் அமர்த்திப் பார்த்தார்கள். ஊரே கொதித்தெழுந்தது, பழைய குரலே திரும்பிற்று. உத்தம்குமாரைத் தெய்வமாகப் போற்றிய ஊர் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொரு குரல் தேவதுலால் பந்தோபாத்யாயருடையது. 1971இல் கிழக்கு வங்கத்தில் விடுதலைப் போர் மூண்டபோது அவர் படித்த செய்திகளுக்கும் செய்தி விளக்கத்துக்கும் எல்லையின் இருபுறத்தும் மக்கள் காத்திருந்தனர். மறு ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசாங்கம் சொல்ல நினைத்ததும், மக்கள் கேட்க விரும்பியதும், படிப்பவரின் உள்ளத்தில் இருந்ததும் ஒன்றாகவே அமைந்த அருமையான காலம் அது. அத்தகைய காலத்தில் ஒலிபரப்பாளருக்குச் சங்கடமே இல்லை. இம்மூன்றும் வெவ்வேறாகப் பிரியும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. நீரத் பாபுவின் கதை அத்தகையது.

அவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள கிஷோர்கஞ்ச் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவனாக 1910இல் கல்கத்தா வந்தார். நம்மைப்போலவே அவரும் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்தாம். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் வரலாறு பயின்று, 1918இல் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். எம்.ஏ. பட்டமோ கைகூடவில்லை. இராணுவக் கணக்கு இலாகாவில் எழுத்தர் வேலை கிடைத்தது. ‘நல்ல வேலை, கெட்டியாகப் பிடித்துக்கொள்’ என்று நம் வீடுகளில் சொல்லுவோமே, அத்தகைய வேலை. அவர் அதை உதறிவிட்டார்! பிறகு ராமானந்த சட்டோபாத்யாயர் நடத்திய ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் உதவியாசிரியராகப் பணியாற்றினார். மிர்ஜாபூர்த் தெருவில் அவர் தங்கியிருந்த விடுதியில் உடன் தங்கியவர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயர். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலை விபூதிபூஷண் எழுதி முடிக்க ஊக்கமளித்தவர்களுள் நீரத் பாபுவும் ஒருவர்.

1932இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மூன்று ஆண் மக்கள் பிறந்தனர். பத்திரிகை வருமானமோ அரைவயிற்றுக்கும் போதவில்லை. இந்நிலையில் 1930களின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. சரத் சந்திர போஸ் அவர்களுக்குச் செயலாளர் வேலை. நாம் தேசப்பிரிய பூங்கா அருகே நாள்தோறும் கடந்து செல்லும் சரத் போஸ் சாலை, நம் முதியோர் இன்னும் லான்ஸ்டவுன் ரோடு என்றே குறிப்பிடும் அச்சாலை, அவர் பெயரைத் தாங்கியது. நேதாஜியின் தமையனார் அவர். காங்கிரஸின் பெருந்தலைவர்கள் வந்துபோன அவ்வீட்டுக் கடிதங்களை எழுதியவர் நீரத் பாபு. அதே ஆண்டுகளில் கல்கத்தா வானொலியில் அரசியல் விளக்கவுரையும் ஆற்றிவந்தார். இராணுவ வரலாறும் போர்த்தந்திரமும் அவருக்குப் பிடித்தமான படிப்பு. துப்பாக்கி பிடித்தறியாத குள்ளமான மெலிந்த அந்த மனிதர், ஐரோப்பாவில் எந்தப் படை எந்த ஆற்றைக் கடக்கும் என்பதை வரைபடத்தை விரித்து வைத்து விளக்கக்கூடியவர். போர் மூண்டதும் அந்த அறிவுக்கு மதிப்பு வந்தது.

1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் எல்ஜின் சாலை வீட்டிலிருந்து மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சரத் போஸ் சிறையிலடைக்கப்பட்டார். செயலாளர் வேலை போயிற்று. 1942இல் நீரத் பாபு தில்லிக்குச் சென்று, அகில இந்திய வானொலியில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். அதே 1942இல் சுபாஷ் பாபு பெர்லினிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலியில் பேசத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து பேசினார். அந்த வானொலி தமிழிலும் செய்தி சொன்னது. மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிய நம்மவர் ஆயிரக்கணக்கில் அவர் படையில் சேர்ந்த வரலாற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. அண்ணனிடம் ஊதியம் வாங்கியவர் தில்லியில் அமர்ந்து ஆங்கில அரசின் பக்கம் நின்று போரை விளக்கி எழுதினார். தம்பி எதிர்த்திசையிலிருந்து பேசினார். இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஹிட்லரும் ஜப்பானும் வெல்வது உலகுக்குக் கேடு என்று உண்மையாகவே எண்ணிய இந்தியர் அந்நாளில் பலர் இருந்தனர். நீரத் பாபு அவர்களுள் ஒருவர். அவர் எழுதியது ஊதியத்துக்காக மட்டும் அன்று என்பதே என் கருத்து.

நாடு விடுதலை பெற்றது. ஆட்சி மாறியது, வானொலி நிலையம் மாறவில்லை, விளக்கவுரையாளரும் மாறவில்லை. நேற்றுவரை அந்த அரசின் குரல், இன்று முதல் இந்த அரசின் குரல். அந்த 1947ஆம் ஆண்டிலேயே, ஐம்பது வயதை எட்டும் நேரத்தில், அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். 1951இல் இலண்டன் மாக்மில்லன் நிறுவனம் அதனை வெளியிட்டது. ‘அறியப்படாத ஓர் இந்தியனின் சுயசரிதை’ என்பது தமிழில் அதன் பெயர்.

அந்நூலை அவர் தாய்க்கோ தந்தைக்கோ சமர்ப்பிக்கவில்லை. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் பேரரசின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். அப்பேரரசு நம்மை ஆளப்படும் குடிகளாக்கியதேயன்றிக் குடிமக்களுக்குரிய உரிமையை மறுத்தது என்று முதலில் குறை கூறினார். ஆயினும் நம்முள் நல்லதாக, உயிர்ப்புள்ளதாக இருப்பவை அவ்வாட்சியினால் உருப்பெற்றவையே என்று முடித்தார். இடையில் பண்டை ரோமானியர் வழக்கை ஒட்டி இலத்தீன் மொழியில் ஒரு தொடரையும் செருகியிருந்தார்.

நாடு கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பை அறியாமை என்று தள்ளிவிட என்னால் இயலாது. 1951 என்பது எத்தகைய ஆண்டு? அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வங்கப் பஞ்சம். இறந்தோர் தொகையைப் பதினைந்து இலட்சம் என்று அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு கணித்தது. முப்பது இலட்சம் வரை இருக்கும் என்பர் பிற்கால அறிஞர். சோறு கேட்க நாவெழாமல், வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று ‘பேன் தாவ், மா’ எனக் கதறியவாறு இதே தெருக்களில் மக்கள் வீழ்ந்து மடிந்தனர். பிறகு பிரிவினை வந்தது. சியால்தா நிலையத்தின் நடைமேடைகளில் குடும்பம் குடும்பமாக அகதிகள். நமக்குத் தெற்கே ஜாதவ்பூர், பிஜய்கட் பக்கங்களில் அவர்கள் கீற்றும் மூங்கிலும் கொண்டு எழுப்பிய குடியிருப்புகளே இன்று மாடி வீடுகளாய் நிற்கின்றன. கிஷோர்கஞ்சும் எல்லைக்கு அப்பால் போயிற்று. இவ்வளவும் பட்டவர்கள், போன ஆட்சிக்கு ஒருவர் மாலை சூட்டுவதைப் பொறுத்துக்கொள்வார்களா? அவர்கள் சினந்தது நியாயம். நான் அன்று இருந்திருந்தால் நானும் சினந்திருப்பேன்.

பிற்காலத்தில் நீரத் பாபு விளக்கம் தந்தார். அது புகழ்ச்சியன்று, எங்களைச் சமமாக நடத்தாத ஆங்கிலேயர் மீது கூறிய கண்டனம் என்றார்; பேரரசின் ஆடம்பர மொழியைக் கேலியாக எடுத்தாண்டதாகவும், தம் மக்களை வதைத்த ரோமானிய ஆளுநன் மீது சிசரோ தொடுத்த வழக்கை மனத்திற்கொண்டு எழுதியதாகவும் சொன்னார். இருக்கலாம். ஆனால் பசியால் வாடிய நாட்டில், சிசரோவைப் படித்தவன் மட்டுமே உணரக்கூடிய கேலியை நூலின் முகப்பில் வைப்பது என்ன விவேகம்? கேலி என்பது புரிந்துகொண்ட பின்தான் கேலி. மேலும் கேலி நீங்கலாக அவர் உண்மையாகவே அவ்வாட்சியிடம் நன்றி பாராட்டினார் என்பது நூல் முழுதும் தெரிகிறது. பிறரைச் சினமூட்டுவதில் அவருக்கு ஓர் இன்பம் உண்டு; நூறு வயதிலும் அது அவரை விட்டு நீங்கவில்லை.

இதுவரை வாசகர் பாடு. வாசகர் கோபித்துக்கொண்டால் கட்டுரை எழுதலாம், நூலைக் கிழித்தெறியலாம், ஆசிரியரோடு பேசாதிருக்கலாம். அரசாங்கம் செய்தது வேறு. அரசு ஊழியர் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிடலாகாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. அவருடைய வானொலி வேலை முடிந்தது, ஓய்வூதியம் கிட்டவில்லை, வானொலியில் அவர் எழுத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. அவர் நண்பர் குஷ்வந்த் சிங் இதனைப் பலமுறை எழுதியிருக்கிறார். சமர்ப்பணத்தை மட்டும் படித்துவிட்டுக் கூச்சலிட்டார்கள், நூலைப் படிக்கவில்லை என்பது அவர் வாதம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பழைய தில்லியில் மோரி கேட் பக்கத்து வீடொன்றில், ஐம்பத்தைந்து வயதில், மாதச் சம்பளம் இல்லாத மனிதராக அவர் நின்றார். அந்த அம்மையார் குடும்பத்தை எப்படி நடத்தியிருப்பார் என்பதை இங்குள்ள தாய்மார்கள் என்னைவிட நன்றாக ஊகிப்பார்கள்.

இங்கேதான் என் மனம் அரசாங்கத்தோடு மாறுபடுகிறது. ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவன் தன் சொந்தக் கருத்தைச் சொல்லக்கூடாது என்று நிலையம் கேட்பது முறையே. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி என்று தில்லியிலிருந்து அந்தக் கணீரென்ற குரல் வந்தபோது, அந்த அம்மையாரின் அரசியல் என்ன என்று நாம் யாரேனும் கேட்டோமா? கேட்கத் தோன்றாததே அவர் பெருமை. நீரத் பாபுவும் நிலையத்தில் எழுதியவற்றில் பேரரசுக்கு மாலை சூட்டியதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. அவர் மாலை சூட்டியது தம் நூலில், தம் பெயரில், தம் வீட்டு மேசையில் எழுதி. அலுவலகம் வாங்கியது அவர் பகற்பொழுதை. இரவையும் சேர்த்து வாங்கியதாக அது எண்ணிக்கொண்டது.

நம்முள் அரசு ஊழியர்கள் 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளை அறிவார்கள். இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த எழுத்துக்கு முன் அனுமதி வேண்டியதில்லை என்று எட்டாம் விதி கூறுகிறது. அரசின் நடப்புக் கொள்கையையோ அண்மைக் காலக் கொள்கையையோ கண்டித்துத் தம் பெயரில் எதையும் வெளியிடலாகாது என்று ஒன்பதாம் விதி கூறுகிறது. நீரத் பாபு வேலை இழந்த காலத்துக்குப் பின் வந்த விதிகள் இவை. ஆயினும் ஒரு விளையாட்டாக அவரை இந்த விதிகளின் முன் நிறுத்திப் பாருங்கள். அவர் கண்டித்தது எந்த நடப்புக் கொள்கையை? போய்விட்ட ஓர் அரசை வாழ்த்தினார். அதையும் பாதி குறை கூறி வாழ்த்தினார். செத்தவனைப் புகழ்வது இருப்பவனைத் திட்டுவதாகுமா என்பதை விதி நூல்கள் சொல்லவில்லை. மேலதிகாரியின் மனம் சொல்லிவிடும்.

வானொலியை நடத்துவோர், கேட்போரின் காதையும் தாமே நடத்தலாம் என்று எண்ணிய காலம் அது. 1952இல் அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை ஆகாசவாணியிலிருந்து ஒதுக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஆகாசவாணி தானே இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்கிற்று.

வேறு நாட்டார் இச்சிக்கலை எப்படிக் கையாண்டனர்? பீகாரில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியருக்கான ஒலிபரப்புகளைத் தயாரித்தார். ஏகாதிபத்தியத்தை வெறுத்த அவர் ஏகாதிபத்தியத்தின் வானொலியில் பணியாற்றினார். பயனற்ற உழைப்பு என்று தோன்றியதும் விலகி, தம் மனம் போல் எழுதினார். அண்மையில், 2023 மார்ச்சில், பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியை நடத்திய கேரி லினேக்கர், அகதிகளைப் பற்றி அரசு பேசும் மொழி 1930களின் ஜெர்மனியை நினைவூட்டுகிறது என்று சமூக வலைத்தளத்தில் தம் பெயரில் எழுதினார். நிலையம் அவரை ஒதுங்கியிருக்கச் சொன்னது. உடன் பணியாற்றியோர் அவரின்றி வரமாட்டோம் என்றனர். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி வருணனையே இல்லாமல் இருபது நிமிடங்களில் முடிந்தது. மூன்று நாட்களில் நிலையம் அவரைத் திரும்ப அழைத்தது. லினேக்கர் செல்வர், அவருக்குத் தோள்கொடுக்கத் தோழர்கள் இருந்தனர். நீரத் பாபுவுக்காக எந்த விளக்கவுரையாளரும் பேனாவைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. அவருடைய சுபாவத்துக்கு அப்படித் தோழர்கள் வாய்ப்பதும் அரிதுதான்!

1955இல் பிபிசி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தது. வாழ்நாளெல்லாம் புத்தகத்தில் படித்த நாட்டை ஐம்பத்தேழாம் வயதில் ஐந்து வாரம் கண்ணாரக் கண்டார். 1970இல் ஆக்ஸ்போர்டு சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். வெளியே சூட்டும் தொப்பியும், வீட்டிலோ வங்காளி வேட்டி! 1975இல், மாக்ஸ் முல்லரைப் பற்றி எழுதிய நூலுக்கு நம் சாகித்திய அகாதெமி அவருக்குப் பரிசளித்தது. ஒரு கையால் எடுத்ததை அரசு இருபது ஆண்டு கழித்து மறு கையால் கொடுத்தது என்று யாரேனும் சொன்னால் நான் மறுப்பேன். பரிசு பெருமை தரும். மோரி கேட் வீட்டில் அரிசி வாங்காது.

இதற்கிடையில் சட்டமும் சிறிது நகர்ந்திருக்கிறது. அதற்கும் நம் ஊரே காரணம். 1993இல் ஹீரோ கோப்பைப் பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் மூண்ட வழக்கில், வான அலைகள் பொதுமக்களின் சொத்து, அரசின் தனியுரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வானொலியையும் தொலைக்காட்சியையும் அமைச்சகத்தின் நேர்ப்பிடியிலிருந்து விடுவிக்கும் நோக்குடன் பிரசார் பாரதி நிறுவப்பட்ட நாள் 1997 நவம்பர் 23. சற்று முன் நான் சொன்ன பிறந்த தேதியை நினைவுகூருங்கள். ஆக்ஸ்போர்டில் நீரத் பாபு நூறாவது பிறந்தநாள் கொண்டாடிய அதே நாள்! திட்டமிட்டுச் செய்ததாக இருக்க முடியாது. அவ்வளவு நகைச்சுவை நம் அலுவலகங்களில் கிடையாது. அந்த விடுதலை எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை மாலைச் செய்திகளைக் கேட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1999 ஆகஸ்டு 1ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த லாத்பரி சாலை வீட்டில் நீலப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. ‘நாம் வெளியூர்க்காரர், இங்கே அரசியல் பேசாதே, ஆபீசில் உள்ளவன் வாயைத் திறக்காதே’ என்பது அது. பெற்றோர் அச்சத்தால் சொன்னது. அதில் தவறு காண நான் துணியேன். ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளைகள், வேறொருவர் வாய் திறந்து வேலை இழக்கும்போது ‘அவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை’ என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். அந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் ஏற்கமாட்டேன். அவர் சொன்னது தவறு என்று சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். அவர் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.

நீரத் பாபுவின் நூல் அலிப்பூர் தேசிய நூலகத்தில் கிடைக்கும். கல்லூரித் தெருவிலும் பழம்பிரதி அகப்படும். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் சமர்ப்பணப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, கிஷோர்கஞ்சின் ஆற்றையும் மழைக்காலத்தையும் பற்றிய முதல் இயலிலிருந்து தொடங்கட்டும். படித்தபின் அவரோடு சண்டையிட வேண்டுமென்று தோன்றினால், அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தாருங்கள். செயலாளர் இடம் ஒதுக்குவதாகச் சற்று முன்னரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாடகக் குழுவினர் ஒப்பனையோடு காத்திருக்கிறார்கள்.